காலமான பின் சொன்ன அறுபத்தொரு கருத்துகள்

நடுநிலையார் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. கல்லூரிப் பசங்க மூன்று பேர் இணையத்தில் கேலிக்கு வைத்தது. அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. இரண்டே வாரத்தில் சேனல்காரர்களிடம் சொல்லித் தன் பெயருக்குக் கீழே ‘நடுநிலையார்’ என்று போடவைத்தார். கேலி செய்தவர்களுக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாலை ஆறு மணி விவாதத்தில் மொத்தம் ஐந்து நாற்காலிகள். நான்குக்குக் கால்கள். நடுவில் இருக்கிற ஒன்றுக்கு மட்டும் சக்கரம். இந்தப் பக்கமும் திரும்பும், அந்தப் பக்கமும் திரும்பும். அதில்தான் ஒன்பது வருடங்களாக அவர் உட்கார்ந்திருந்தார். ஆளுங்கட்சிப் பேச்சாளர் பேசும்போது இந்தப் பக்கம் திரும்பித் தலையாட்டுவார். எதிர்க்கட்சிப் பேச்சாளர் பேசும்போது அந்தப் பக்கம் திரும்பி அதே அளவு தலையாட்டுவார். பிறகு நேராகத் திரும்பி, உண்மை நடுவில் இருக்கிறது என்பார்.

ஒரு முறை பாலம் ஒன்று இடிந்தது. இடிந்துவிட்டது என்றார் ஒருவர். இடியவில்லை என்றார் இன்னொருவர். பாதி இடிந்திருக்க வாய்ப்பிருக்கிறது என்றார் நடுநிலையார். அந்தக் கல்லூரிப் பசங்க ‘தர்க்கத் தணிக்கை அலுவலகம்’ என்று ஒரு பக்கம் நடத்தினார்கள். சிரிக்காமல், அரசாங்கக் கடிதம் மாதிரி எண் போட்டு அறிக்கை வெளியிடுவது அவர்கள் வழக்கம். அறிக்கை எண் ஒன்பதில், “பாலத்தோடு ஆற்றில் விழுந்தவர்கள் பாதி நனைந்து, மீதிப் பாதியோடு நலமாக வீடு திரும்பினார்கள்” என்று போட்டிருந்தார்கள். நடுநிலையார் அதைப் படித்துவிட்டு, தன் கருத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட இளைஞர்கள் என்று நினைத்தார்.

அவருடைய வாதங்களுக்கெல்லாம் அஸ்திவாரம் ஒன்றே ஒன்று. மாமியார்.

“எங்க மாமியார் ரொம்ப சாதாரணமான பொம்பளைங்க. இன்னிக்குக் காலையில என்ன சொன்னாங்க தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். மற்ற நான்கு நாற்காலிகளும் அடங்கிவிடும். புள்ளிவிவரத்தை எதிர்த்துப் பேசலாம், நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துக்கூடப் பேசலாம். ஒருவருடைய மாமியாரை எதிர்த்துத் தொலைக்காட்சியில் எப்படிப் பேசுவது? விலைவாசி, எல்லைத் தகராறு, வட்டி விகிதம், கூட்டணி, எல்லாவற்றைப் பற்றியும் அந்த அம்மாவுக்கு ஒரு கருத்து இருந்தது. அது எப்போதும் மருமகனின் கருத்தாகவே இருந்தது.

உண்மையில் அந்த அம்மா அரசியலைப் பற்றி மருமகனிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். “இவனுங்க கத்தறது காது வலிக்குது மாப்பிள்ளை, அணைச்சுடுங்க.” அதை வைத்து அவர், ‘மக்கள் மௌனமாக ஒரு மாற்றத்துக்குத் தயாராகிறார்கள்’ என்று ஒரு தேர்தலையே கடந்தார்.

பிறகு அந்த அம்மா இறந்துபோனார். சிறுநீரகக் கோளாறு. இளைய மகள், அதாவது நடுநிலையாரின் மனைவி, மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் பதினொரு நாள் உட்கார்ந்திருந்தாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அம்மாவின் ரத்த அறிக்கை ஒவ்வொரு நாளும் வரும்போது, டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்.

காரியங்கள் முடிந்த ஐந்தாம் நாள் நடுநிலையார் விவாதத்துக்குப் போனார். தலைப்பு குடிநீர் வரி. எதிரே இருந்தவர் அடுக்கடுக்காக எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். நடுநிலையாருக்குக் கையில் ஒன்றும் இல்லை. நாக்கு பழகிய வழியில் தானாகப் போயிற்று. “இன்னிக்குக் காலையில எங்க மாமியார் சொன்னாங்க…”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எண்கள் சொன்னவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். “எங்கம்மா எப்பங்க சொன்னாங்க?”

“இருந்திருந்தா சொல்லியிருப்பாங்கம்மா. ஒரு மரியாதைக்குத்தான்.”

அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆறு மணி ஆனால் துணி மடிக்க உள்ளே போய்விடுவாள். வீட்டில் அவ்வளவு துணி இல்லை.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை எண் நாற்பத்தேழு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வெளிவந்தது.

*“பொருள்: மாமியார். மேற்படி அம்மையார் இரண்டு ஆண்டுகள் இரண்டு மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டதாக இவ்வலுவலகம் அறிகிறது. அதற்குப் பின் அவர் தெரிவித்த கருத்துகள் அறுபத்தொன்று. உயிரோடு இருந்தபோது அவருடைய கணிப்புகளில் பத்துக்கு நான்கு பலித்தன. காலமான பின் பத்துக்கு ஏழு பலிக்கின்றன. இந்த முன்னேற்றத்துக்கு அம்மையாரைப் பாராட்டுகிறோம். மருமகனும் இதே வழியைப் பரிசீலிக்கலாம்.”*

கீழே ஆதாரத்தை ஒட்டியிருந்தார்கள். செய்தித்தாளில் வந்த இரங்கல் விளம்பரம். அதைக் கொடுத்தவரே நடுநிலையார்தான். மாமியாரின் படம் தபால்தலை அளவு. அதற்குக் கீழே ‘ஆழ்ந்த துயரில்: மூத்த அரசியல் விமர்சகர்’ என்று அவருடைய படம், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ஐந்து மடங்கு பெரிதாக. மாமியாரின் பெயரை வைத்துத் தேடியிருந்தால் அந்தப் பசங்களுக்கு ஏழு ஜென்மத்திலும் கிடைத்திருக்காது. அவர் படத்தை வைத்துத் தேடினார்கள். முதல் பக்கத்திலேயே வந்து நின்றது.

பத்து மணிக்குத் தயாரிப்பாளரின் போன்.

“சார், சாயங்காலம் நீங்கதான் தலைப்பு.”

“தம்பி, அது சின்னப் பசங்க சமாச்சாரம். விட்டுத் தள்ளுங்க.”

“எட்டு லட்சம் பேர் பார்த்திருக்காங்க சார். விட்டுத் தள்ளற சமாச்சாரம் இல்ல. ஒண்ணு நீங்க சமாளிக்கணும். இல்லன்னா பேராசிரியர் தயாரா இருக்கார்.”

பேராசிரியர் என்பது ஓய்வு பெற்ற ஒரு மனிதர். நடு நாற்காலிக்காக மூன்று வருடமாகக் காத்திருக்கிறார். அவர் நாற்காலி நிறத்துக்குப் பொருத்தமாகக் கோட்டு தைத்து வைத்திருக்கிறார் என்று ஒப்பனைக்காரர் ஒரு தடவை சொல்லியிருந்தார். ஒன்பது வருடத்தில் அந்த நாற்காலி நடுநிலையாரின் முதுகுக்கேற்ற மாதிரி குழிந்திருந்தது. அதை விட்டால் அவருக்குப் போக இடமில்லை. அவருக்கு வேறு வேலை எதுவும் தெரியாது, இந்த வேலையும் தெரியாது என்பது நாளைக்கு ஊருக்கே தெரிந்துவிடும்.

அன்றைக்கு மனைவிக்கு வார விடுமுறை. அவளுடைய அக்காவும் வந்திருந்தாள். இருவரும் சாப்பாட்டு மேசையில் அந்த அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி அறுபத்தொன்று என்ற எண்ணின் மேல் விரலை வைத்திருந்தாள். பரிசோதனைக் கூடத்தில் ஓர் எண் எல்லை தாண்டியிருந்தால் அப்படித்தான் விரலை வைப்பாள்.

“அறுபத்தொண்ணா?” என்றாள் அக்கா. “உயிரோட இருந்தப்ப எங்கம்மா இவ்வளவு பேசினதே இல்லையே.”

“அண்ணி, நீங்க வேற…” என்றார் நடுநிலையார்.

மனைவி நிமிர்ந்தாள். “ஒண்ணும் பெரிசா பண்ண வேண்டாம். போய் உட்காருங்க. மாமியார் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, நான் பேசினது தப்பு, மன்னிச்சுக்கோங்க. அவ்வளவுதான். முடிஞ்சுது. ஜனங்க ரெண்டு நாள் சிரிப்பாங்க.”

“ரெண்டு நாளா?”

“சரி, மூணு நாள்.”

அவருக்கும் அதுவே சரியாகப் பட்டது. மேசையிலேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார். நான்கு வரி. அவர் வாழ்க்கையில் எழுதியவற்றிலேயே பிழையில்லாத நான்கு வரி அதுதான். மனைவி வாங்கிப் படித்துப் பார்த்து, மடித்து, அவர் சட்டைப் பையில் வைத்தாள். வாசல்வரை வந்தாள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக, “நான் இன்னிக்குப் பார்க்கறேன்” என்றாள்.

ஒப்பனை அறையில் தயாரிப்பாளர் அந்தத் தாளைப் படித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“இதைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும் சார்?”

“நாற்பது விநாடி.”

“நமக்கு ஒரு மணி நேரம் இருக்கு. மீதி ஐம்பத்தொன்பது நிமிஷமும் நான் என்ன பாட்டா போட முடியும்?”

“இல்ல தம்பி, உண்மை என்னன்னா…”

“உண்மையைப் பத்தி அப்புறம் பேசலாம் சார். விவாதம்னா ரெண்டு பக்கம் வேணும். நீங்க மன்னிப்புக் கேட்டுட்டா ஒரு பக்கம்தான் இருக்கு. ஒரு பக்கம் இருந்தா நடு எங்க இருக்கு? நடு இல்லன்னா நடு நாற்காலி எதுக்கு?”

தர்க்கம் என்று ஒன்றை நடுநிலையார் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பேராசிரியர் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பல் பிடுங்க வந்தவர் மாதிரி பொறுமையாக.

தாள் சட்டைப் பைக்குத் திரும்பிப் போயிற்று.

ஆறு மணி. திரையின் அடியில் சிவப்புப் பட்டை ஓடியது: ‘மாமியார் இருக்கிறாரா? மறைக்கப்படுவது என்ன?’

இரண்டு நாளைக்கு முன்னால்தான் மாமியார் ஆளுங்கட்சியின் சாலைகளைப் பற்றி வருத்தப்பட்டிருந்தார். அதனால் ஆளுங்கட்சிப் பேச்சாளருக்கு வேலை சுலபமாக இருந்தது.

“அந்த அம்மா இல்லைங்க. இல்லாத ஒருத்தங்க எப்படி எங்க ரோட்டுல தடுக்கி விழுவாங்க? எங்க ஆட்சியில செத்தவங்ககூடக் குறை சொல்ற அளவுக்குச் சுதந்திரம் இருக்கு, அதை மட்டும் ஒத்துக்கறேன்.”

எதிர்க்கட்சிப் பேச்சாளர் மேசையைத் தட்டினார். “கவனிங்க! ரோட்டைப் பத்திப் பேசின ரெண்டாம் நாளே அந்தத் தாயைச் சாகடிச்சுட்டாங்க! விமர்சனம் பண்ணினா இறப்புச் சான்றிதழ்! எங்களைப் பொறுத்தவரைக்கும் அந்த அம்மா இருக்காங்க. ஒவ்வொரு வீட்டிலும் இருக்காங்க.”

“எங்க வீட்டுல இல்லை,” என்றார் ஆளுங்கட்சிப் பேச்சாளர்.

“உங்க வீட்டுல மனுஷங்களே இல்லை.”

நான்காவது நாற்காலியில் கருத்துக் கணிப்பாளர். நேயர்களிடம் கேட்டதில் நாற்பத்தாறு சதவீதம் பேர் மாமியார் இறந்துவிட்டார் என்றும், முப்பத்தொன்பது சதவீதம் பேர் இருக்கிறார் என்றும், பதினைந்து சதவீதம் பேர் கருத்தில்லை என்றும் சொன்னதாக அறிவித்தார். “போன மாசத்தைவிட மூணு சதவீதம் உயிர் கூடியிருக்கு. இந்தப் போக்கு நீடிச்சா அந்த அம்மா உயிரோட எழுந்து வர வாய்ப்பிருக்கு.”

போன மாதம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே என்று ஐந்தாவது நாற்காலியில் இருந்த நெறியாளருக்குத் தோன்றியது. கேட்டால் விளம்பர இடைவேளை தள்ளிப்போகும் என்பதால் விட்டுவிட்டார்.

“நடுவில் இருக்கிற உங்க கிட்ட வர்றேன் சார்,” என்றார். “உங்க மாமியார். இருக்காங்களா, இல்லையா?”

நடுநிலையார் சட்டைப் பையைத் தொட்டார். தாள் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் கோட்டும் இருந்தது. நாற்காலி ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பியது, ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பியது.

“ரெண்டு தரப்பிலும் நியாயம் இருக்கு,” என்றார். “இருக்காங்கன்னு சொல்றது ஒரு தீவிரம். இல்லைன்னு சொல்றது இன்னொரு தீவிரம். நாம அவசரப்படக் கூடாது.”

எதிர்க்கட்சிப் பேச்சாளர் கைதட்டினார். ஆளுங்கட்சிப் பேச்சாளரும், அவர் தட்டுகிறாரே என்று தட்டினார். நடுநிலையாருக்கு உடம்பு முழுவதும் வெதுவெதுப்பாக இருந்தது.

“நேயர் ஒருத்தர் இணைப்பில் இருக்காங்க,” என்றார் நெறியாளர். “வணக்கம், சொல்லுங்கம்மா.”

“எங்கம்மா செத்துட்டாங்க.”

குரலில் அழுகை இல்லை. பரிசோதனை முடிவைப் படிக்கிற குரல்.

“நான்தான் சின்னப் பொண்ணு. பதினோரு நாள் பக்கத்துல இருந்தேன். கடைசி நாள் காலையில ஏழு பத்துக்கு மூச்சு நின்னுது. கையைப் புடிச்சுட்டிருந்தது நான். நடுவுல உக்காந்திருக்கற அவரு அப்ப வெளியில போன்ல பேட்டி குடுத்துட்டிருந்தாரு. அவரைக் கேளுங்க. அவருக்குத் தெரியும்.”

கணிப்பாளர்கூடப் பேனாவைக் கீழே வைத்தார். நெறியாளருக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு நிமிடம் கிடைத்ததில்லை. கேமராவை நடுநிலையாரின் முகத்துக்கு நெருக்கமாகப் போகச் சொல்லிச் சைகை காட்டினார்.

“சார், நேயர் தன்னை மகள்னு சொல்றாங்க. உங்களுக்கு இந்தக் குரல் தெரியுதா?”

இருபத்திரண்டு வருடமாகக் காலையில் அவரை எழுப்புகிற குரல். நடுநிலையார் தண்ணீர் குடித்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விவாதம் முடிந்தது. விவாதம் முடிந்தால் நாற்காலியும் முடிந்தது.

“குரலை மட்டும் வச்சு எதையும் உறுதியாச் சொல்ல முடியாதுங்க,” என்றார்.

இணைப்பில் மூச்சு மட்டும் கேட்டது.

அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. “அப்படியே மகளாவே இருக்கட்டும். வருத்தம் புரியுது. ஆனா ஒரு தனி நபரோட சொந்த அனுபவத்தை வச்சு நாம பொதுவான ஒரு முடிவுக்கு வரலாமா? அது அறிவியலா? தரவு எங்க? நம்ம நாட்டுல இன்னிக்கு இருக்கற பெரிய வியாதியே இதுதான். வீட்டுல யாரோ ஒருத்தர் ஏதோ சொன்னாங்கன்னு அதைத் தூக்கிட்டு வந்து ஆதாரம்னு வைக்கிறோம்.”

அறுபத்தொரு மேற்கோள்களுக்குச் சொந்தக்காரர் இதைச் சொல்லும்போது அந்த அறையில் ஒருவர் முகத்தில்கூடச் சுருக்கம் விழவில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது. துண்டித்தது சேனல் இல்லை.

அன்றைய விவாதத்தைப் பார்த்தவர்கள் நாற்பது லட்சம் பேர். முடிந்ததும் தயாரிப்பாளர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். அடுத்த வருடமும் நாற்காலி அவருக்கே என்றார். பேராசிரியர் எழுந்து, கோட்டைக் கழற்றி, நான்காக மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனார்.

காரில் வரும்போது நடுநிலையார் போனைத் திறந்தார். தணிக்கை அலுவலகம் கடைசி அறிக்கையை வெளியிட்டிருந்தது.

*“இவ்வலுவலகம் இன்றோடு மூடப்படுகிறது. கேலிக்காக எழுதி வைத்திருந்த அடுத்த மூன்று அறிக்கைகளையும் அவர் ஒரே மணி நேரத்தில் நேரலையில் நடத்திக் காட்டிவிட்டார். அவரோடு போட்டி போட எங்களுக்கு வசதி இல்லை. பரீட்சை வேறு நெருங்குகிறது.”*

பிறகு அந்த நேயரைப் பற்றி மக்கள் எழுதியிருந்ததைப் படித்தார். ‘போலி மகள்.’ ‘எவ்வளவு கொடுத்தார்கள்?’ ‘அழவே இல்லை, கவனித்தீர்களா? பெற்ற மகள் அழமாட்டாளா?’ ‘ஏழு பத்து என்று நிமிடத்தோடு சொல்கிறாள், மனப்பாடம் செய்தவள்தான் அப்படிச் சொல்வாள்.’ கடைசி வாதம் அவருக்குப் பிடித்திருந்தது. அதில் ஒரு பிடிப்பு இருந்தது. வீடு வருவதற்குள் அது அவருடைய சொந்த வாதமாகவே ஆகிவிட்டது.

கதவைத் திறந்தது அக்கா. அவரைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள், ஈரத் துணி மேலே பட்டுவிடுமோ என்பது மாதிரி.

மனைவி அம்மா இருந்த அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி, ‘உண்மையைச் சொல்லு, உங்க அம்மா இருக்காங்களா?’ என்று கேட்டிருந்தாள். இறுதிச் சடங்குக்கு வந்திருந்தவள் அவள்.

நடுநிலையார் செருப்பைக் கழற்றிவிட்டு அறை வாசலில் வந்து நின்றார். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

“உன்னைப் பேசச் சொன்னது யாரு?”

மனைவி பார்த்தாள்.

“கோபப்படல. எனக்குத் தெரியணும். அந்தப் பசங்களா? பேராசிரியரா? உனக்குப் பின்னாடி யாரு இருக்கா?”

“எனக்குப் பின்னாடி சுவர் இருக்கு,” என்றாள் அவள்.

அக்கா உள்ளே வந்தாள். “ஏங்க, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு…”

“அக்கா, இரு.” மனைவி எழுந்து வாசலுக்கு வந்தாள். அறிக்கையைச் சரிபார்க்கிற கண்ணோடு அவர் முகத்தை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நாளைக்கு நான் செத்துட்டா, என்னையும் இப்படித்தான் பேச வைப்பீங்களா?”

இல்லை என்பது மூன்றெழுத்துதான். அவர் வாயைத் திறந்தார். அப்போது, அவர் கூப்பிடாமலே, ஒரு யோசனை உள்ளே நுழைந்துவிட்டது. மாமியாரைவிட மனைவி நெருக்கம். நடுத்தர வயது, வேலைக்குப் போகிற பெண், நகரம். கணிப்பாளர் எப்போதும் கேட்கிற பிரிவு. அந்த யோசனையை அவர் விரட்டத்தான் பார்த்தார். ஆனால் அதன் சாதக பாதகங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு விரட்டலாம் என்று இருந்தார்.

நான்கு விநாடி போயிருக்கும். தொலைக்காட்சியில் அது பெரிய நேரம்.

மனைவி தலையாட்டினாள். முடிவு வந்துவிட்டது, இனி மறுபரிசோதனை வேண்டாம் என்பதுபோல. அக்காவை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

நடுநிலையார் மூடிய கதவுக்கு நேராக நின்றுகொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கதவுக்குக் கேட்கிற மாதிரி, பதிலை ஆரம்பித்தார்.

“முதல்ல, இந்தக் கேள்வி இப்ப ஏன் எழுப்பப்படுதுன்னு நாம பார்க்கணும்.”